எரியவே இல்ல அண்ணா: சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் பிழை தேடும் வழி

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டி ஒரு மாடி அறை. சனிக்கிழமை மதியம் தமிழ்ப் பிள்ளைகள் இருபது பேர் எலக்ட்ரானிக்ஸ் பழக வருகிறார்கள். பாதிப் பேருக்குப் படியிறங்கினால் வீடு. மாட்டுங்கா, சயான் ஃபிளாட்டுகளிலிருந்து அப்பாவின் காரில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு. ஒருவனுக்குப் பார்வை மிகக் குறைவு. ஒருத்திக்குக் காது கேட்காது. இன்னொருவனுக்குக் கை நடுங்கும். சிலருடைய பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (அரசுத் திட்டத்தில் வந்த செய்முறை அறை) இருக்கிறது. சிலர் கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் என்ற பொருளைக் கையில் எடுத்ததே இந்த அறையில்தான்.

யார் கட்டினாலும் சர்க்யூட் முதல் தடவை வேலை செய்யாது. அப்போது என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். வீட்டில் கிட் வைத்திருக்கும் பையன் "போர்டு சரியில்ல" என்பான். பக்கத்து லைன் பிள்ளை "நான் தப்பா சொருகிட்டேன்" என்று கையை மடியில் வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் இருவர் சொல்வதும் பொய், செல் தீர்ந்திருக்கும். அதனால்தான் நான் எந்தப் பிழையையும் பவரிலிருந்து தேடச் சொல்கிறேன். பிள்ளையின் வேலையில் குறை பார்ப்பதற்கு முன்னால் நாம் கொடுத்த சாமானில் குறை பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். பிழை தேடும்போது உங்கள் கை பிள்ளையின் போர்டைத் தொடக் கூடாது. விரலை நீட்டி "இந்த ஒயர் எங்கே போகுது?" என்று கேட்கலாம். அதோடு சரி.

"எரியவே இல்ல"

எல்இடி ஒன்று, ரெசிஸ்டர் ஒன்று, பென்சில் செல் இரண்டு. முதல் வகுப்பின் சர்க்யூட்.

முதலில் செல். மீட்டரை (வோல்ட், கரண்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டர்) 20 வோல்ட் டிசியில் வைத்து, எல்லாம் சொருகியிருக்கும் நிலையிலேயே அளக்கச் சொல்லுங்கள். கழற்றி வைத்து அளந்தால் கிழட்டு செல்கூட இளமையாகக் காட்டும். இரண்டு செல் சேர்ந்து 3 வோல்ட் பக்கம் வர வேண்டும். 2.4க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். செல் டப்பாவின் ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மும்பை மழைக்காலத்தில் நான்கு மாதம் அலமாரியில் கிடந்த டப்பாக்களில் இது சகஜம். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் போய்விடும்.

அடுத்து எல்இடியின் திசை. நீளக் கால் பாசிட்டிவ் பக்கம். ஒருமுறை கால்களை வெட்டிவிட்டால் இந்த அடையாளம் போய்விடும். அப்போது விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது நெகட்டிவ். பார்வை குறைந்த பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது வகுப்பிலேயே வேகமாகத் திசை கண்டுபிடிக்கிறவன் அவன்தான். மற்றவர்கள் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவன் கட்டைவிரலை ஓட்டி முடித்திருப்பான். இப்போது எல்லாரையும் தடவிப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது பிரெட்போர்டு, பாகங்களைச் சொருகிச் சர்க்யூட் கட்டும் ஓட்டைப் பலகை. நடுப்பள்ளத்தின் இரு பக்கமும் ஐந்தைந்து ஓட்டைகள் உள்ளே ஒன்றாக இணைந்தவை. எல்இடியின் இரண்டு காலும் அந்த ஐந்துக்குள்ளேயே இருந்தால் கரண்ட் எல்இடிக்குள் போகாமல் அடியில் உள்ள தகட்டிலேயே ஓடிவிடும். புதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் செய்யும் தவறு இது. பழைய போர்டு ஒன்றின் முதுகு ஸ்டிக்கரை உரித்து உள்ளே இருக்கும் தகடுகளைக் காட்டுங்கள். அதன்பிறகு விளக்கமே வேண்டாம்.

நான்காவதாக ஒன்று உண்டு, அது பெரியவர்களையே ஏமாற்றும். 830 ஓட்டை போர்டுகள் சிலவற்றில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் அறுந்திருக்கும். சிவப்புக் கோடும் அந்த இடத்தில் விட்டுப்போயிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. ஒரு எட்டாம் வகுப்புப் பெண் முக்கால் மணி நேரம் போராடினாள். செல் சரி, திசை சரி, ஓட்டை சரி. பிழை எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. அவளே மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் கன்டினியூட்டி நிலைக்கு மாற்றி, ஒரு முனையை வரிசையின் தொடக்கத்தில் வைத்து, இன்னொன்றை ஓட்டை ஓட்டையாக நகர்த்திக்கொண்டே போனாள். பீப், பீப், பீப், பிறகு சத்தமில்லை. "அண்ணா, இங்க ரோடு கட்டாயிருக்கு" என்றாள். அன்றிலிருந்து எல்லா போர்டிலும் அந்த இடத்தில் சின்ன ஜம்பர் (இணைப்பு ஒயர்) ஒன்றை நிரந்தரமாகச் சொருகி வைத்திருக்கிறோம்.

"எரியுது, ஆனா மங்கல்"

எல்இடி என்ன நிறம் என்று கேளுங்கள். சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். நீலம், வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். இரண்டு செல்லை வைத்து நீலத்தை எரிக்கப் பார்த்தால் ரெசிஸ்டருக்கு மிச்சமே இருக்காது. மூன்று செல் போட்டு 4.5 வோல்ட் ஆக்கினால் நிமிரும்.

நிறம் சிவப்புதான் என்றால் ரெசிஸ்டரைச் சந்தேகியுங்கள். 330 ஓம் எடுக்க வேண்டிய இடத்தில் 33 கிலோஓம் எடுத்திருப்பார்கள். ரெசிஸ்டரின் மதிப்பை அதன் உடம்பில் உள்ள நிறக்கோடுகள் சொல்லும்: 330க்கு ஆரஞ்சு ஆரஞ்சு பிரவுன், 33 கிலோஓமுக்கு ஆரஞ்சு ஆரஞ்சு ஆரஞ்சு. மூன்றாவது கோட்டில்தான் வித்தியாசம், அதுவும் கடுகளவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில பையன்களுக்குச் சிவப்பு, பிரவுன், பச்சை பிரித்துத் தெரியாது. அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. எங்கள் வகுப்பில் ஒருவனைக் கவனக்குறைவு என்று மூன்று வாரம் கடிந்துகொண்டேன். 100 ஓம் என்பது பிரவுன் கறுப்பு பிரவுன், 1 கிலோஓம் பிரவுன் கறுப்பு சிவப்பு. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். கடைசியில் கண்டுபிடித்தது நானில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். ரெசிஸ்டர்களை அட்டைத்துண்டில் ஒட்டி, பெரிய எழுத்தில் மதிப்பை எழுதி வையுங்கள். யாருக்குத் தேவை என்று கேட்காமல் எல்லாருக்கும் அதையே கொடுங்கள். நிறக்குறியீடு படிக்கத் தெரிந்தால்தான் எலக்ட்ரானிக்ஸ் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆசிரியர்கள் உண்டு. மீட்டரில் அளந்தால் நொடியில் தெரிகிற ஒன்றுக்கு எதற்கு அந்த வீம்பு?

"பட்டுன்னு ஒரு வெளிச்சம், அப்புறம் ஒண்ணுமே இல்ல"

ரெசிஸ்டர் இல்லாமல் 9 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்திருக்கிறார்கள். எல்இடி போய்விட்டது. 470 ஓம் போட்டிருந்தால் கரண்ட் 15 மில்லிஆம்பியரில் நின்றிருக்கும்; சாதாரண எல்இடி 20 வரை தாங்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

போன வருடம் வந்த ஒரு சின்னவள், எல்இடி போனதும் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். திறக்கச் சொன்னால் திறக்கவில்லை.

"அம்மா சொல்லிச்சு, உடைச்சா காசு கேப்பாங்கன்னு."

"எவ்வளவு இருக்கும்னு நினைக்கிற?"

"நூறு?"

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் சாலையில் ஓரிரண்டு ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது என்றேன். நம்பவில்லை. மறு சனிக்கிழமை டப்பாவின் மூடியில் பொருளின் விலையை எழுதி ஒட்டினேன். அதன்பிறகு சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே ஆளுக்கொரு எல்இடியைக் கொடுத்து, வேண்டுமென்றே எரித்துப் போடச் சொன்னேன். ரெசிஸ்டர் ஏன் வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுகிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள். சில நேரம் எல்இடியின் தலை தெறிக்கும்.

"தொட்டா எரியுது, விட்டா அணையுது"

லூஸ் கனெக்ஷன். ஜம்பர் ஒயரின் முனை உள்ளே முறிந்திருக்கும், இல்லாவிட்டால் அந்த ஓட்டையில் யாரோ தடித்த காலைத் திணித்துக் கிளிப்பை அகட்டியிருப்பார்கள். ஒயரை மாற்றிப் பாருங்கள். பிறகு ஓட்டையை மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டது என்று தெரியாமல் போகும். முறிந்த ஜம்பரை மறுபடி டப்பாவில் போடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பாதிப் பிழைகள் போன வாரம் யாரோ டப்பாவில் போட்ட ஒயரால் வருகிறவை.

கை நடுங்குகிற பிள்ளைக்கு இந்தப் பிழை ஓயாது. பிரெட்போர்டின் ஓட்டைகள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நிதானமான கைக்கே சிரமம். எங்கள் பையன் அரை மணி நேரத்தில் சொருகியதெல்லாம் ஒரு உதறலில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நாங்கள் அவனுக்கு ஒரு சப்பாத்திப் பலகை வாங்கினோம். அதில் ஆணி அடித்து, முதலைக் கிளிப்பால் ஒயர்களைக் கவ்வ வைத்தோம். பலகைக்கு அடியில் ஈரத்துணி, நகராமலிருக்க. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பிரெட்போர்டு என்ற பெயரே அந்தக் கால ரேடியோக்காரர்கள் ரொட்டி வெட்டும் பலகையில் ஆணி அடித்துச் சர்க்யூட் கட்டியதால் வந்தது. இதைச் சொன்னதும் மற்ற பிள்ளைகளுக்கும் பலகை வேண்டியிருந்தது. இப்போது ஆறு பலகை இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கும் அதிலேயே தொடங்குகிறோம், கரண்ட் போகும் வழி கண்ணுக்குத் தெரிகிறது.

"மோட்டார் போட்டா எல்லாம் செத்துப்போகுது"

9 வோல்ட் சதுர பேட்டரியில் மோட்டாரைச் சுற்ற முயன்றால் இப்படித்தான். அந்த பேட்டரிக்கு உள் ரெசிஸ்டன்ஸ் அதிகம், மோட்டார் கேட்கும் கரண்டைத் தர முடியாமல் வோல்டேஜ் சரிந்துவிடும். நான்கு பென்சில் செல் போடுங்கள். டிரான்சிஸ்டர் (கரண்டைத் திறந்து மூடும் சின்ன பாகம்) வைத்து ஓட்டினால் பிசி547 வேண்டாம், அது 100 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது. பிடி139 போடுங்கள். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்), கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம்.

"மீட்டர் தப்பா காட்டுது"

மஞ்சள் மீட்டர் எல்லாருக்கும் தெரியும். அதன் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். புது செல்லில் 1.9 வோல்ட் என்று வந்தால் மீட்டரைத் திறங்கள்.

வோல்டேஜ் சரியாகக் காட்டுகிறது, மில்லிஆம்பியர் மட்டும் சுழி என்றால் உள்ளே ஃபியூஸ் போயிருக்கும். கரண்ட் அளக்கும் நிலையில் வைத்துக்கொண்டு யாரோ செல்லின் இரு முனையையும் தொட்டிருக்கிறார்கள். திட்டாதீர்கள், அதை எல்லாரும் வாழ்க்கையில் ஒருமுறை செய்வார்கள். 10 ஆம்பியர் ஓட்டையில் சிவப்பு ஒயரைச் சொருகி அதே வேலையைச் செய்தால்தான் ஆபத்து. பல மலிவு மீட்டர்களில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸே கிடையாது. நாங்கள் அதை டேப் போட்டு அடைத்துவிட்டோம்.

காது கேட்காத பிள்ளைக்குக் கன்டினியூட்டி பீப் பயன்படாது. செல், ரெசிஸ்டர், எல்இடி, இரண்டு ஒயர் வைத்து ஒரு டெஸ்டர் கட்டிக் கொடுங்கள். இணைப்பு இருந்தால் எரியும். அதை அவளே கட்டட்டும், இரண்டாவது வாரப் பாடமாக.

ஆரம்பத்தில் எனக்கொரு யோசனை வந்தது. பார்வை குறைந்தவனையும் அவளையும் ஒரே மேசையில் போட்டால் அவன் பீப்பைக் கேட்பான், அவள் திரையைப் படிப்பாள், ஒருவருக்கொருவர் ஈடு. காகிதத்தில் அழகாக இருந்தது. அவன் சொல்வது அவளுக்குக் கேட்காது, அவள் சைகை அவனுக்குத் தெரியாது. அரை மணி நேரம் இருவரும் கோபத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். குறையைப் பார்த்து ஜோடி சேர்க்காதீர்கள். யாரோடு பேச்சு ஒத்துப்போகிறதோ அவரோடு உட்காரட்டும்.

"பஸர் டிக்குன்னு மட்டும் சொல்லுது"

கடையில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை உண்டு. ஆக்டிவ் பஸருக்கு செல் கொடுத்தால் கத்தும். பாசிவ் பஸருக்கு நேரடி செல் கொடுத்தால் ஒரு டிக் மட்டும்தான். அதற்கு வேகமாக ஏறி இறங்கும் சிக்னல் வேண்டும். ஆக்டிவிலும் திசை மாறினால் சத்தம் வராது. காது கேட்காத பிள்ளைக்கும் தெரியும்படி, பஸரோடு சேர்த்து எப்போதும் ஒரு எல்இடியையும் ரெசிஸ்டரோடு இணையாகப் போடுங்கள். விரலை பஸர் மேல் வைத்தால் அதிர்வும் தெரியும்.

"555 மினுக்கல"

555 என்பது எல்இடியை மினுக்கவைக்கும் டைமர் சிப். 1972ல் விற்பனைக்கு வந்த ஐசி, இன்னும் எந்த வகுப்பிலும் இதுதான் நாயகன். மினுக்கவில்லை என்றால் முதல் கேள்வி: எத்தனை செல்? சாதாரண என்இ555க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். எல்இடி பாடத்தில் பழகிய இரண்டு செல்லையே பிள்ளைகள் இதற்கும் கொண்டுவருவார்கள். மூன்று புது செல் எல்லைக்கோடு, நான்கு இருந்தால் நிம்மதி.

பிறகு ஐசியின் தலைப்பக்கம். பள்ளம் மேலே இருக்கும்படி வைத்தால் இடது மேல் கால் 1, அங்கிருந்து கீழே போய், வலப்பக்கம் ஏறி 8ல் முடியும். சுட்டால் தலைகீழ் என்று அர்த்தம். உடனே செல்லைக் கழற்றுங்கள். 4ஆம் கால் பாசிட்டிவுக்குப் போயிருக்கிறதா, 2உம் 6உம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து எல்இடி அணையாமல் நிலையாக எரிந்தால், உண்மையில் அது மினுக்கிக்கொண்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். 1 கிலோஓம், 68 கிலோஓம் ரெசிஸ்டர்களும் 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) போட்டால் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். 10க்குப் பதில் 0.1 போட்டால் நொடிக்கு நூறு. கபாசிட்டரின் உடம்பில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ்.

"ஈயம் ஒட்டல"

ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னின் நுனி கறுத்துப் போயிருக்கும். சூடாக இருக்கும்போது ஈரப் பஞ்சில் துடைத்து, உடனே கொஞ்சம் ஈயம் பூசி வையுங்கள். ஈயத்தை அயர்னில் உருக்கி எடுத்து வந்து கம்பியில் தடவுவதும் பெரிய தவறு. கம்பியைச் சூடாக்கி, கம்பியில் ஈயத்தை வைக்க வேண்டும். உருண்டை உருண்டையாக மங்கலாக நின்றால் டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத இணைப்பு, திரும்பச் செய்யணும்.

மாமாவின் மொபைல் ரிப்பேர் கடையில் உட்காரும் ஒரு பையன் எங்களிடம் இருக்கிறான். பள்ளியில் அறிவியலில் பாஸ் மார்க் எடுக்கவே திணறுகிறான். சால்டரிங் பாடத்தை அவன்தான் எடுக்கிறான், நான் ஓரமாக நிற்கிறேன். கார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அவன் கையைப் பார்த்துப் பழகுகிறார்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வடாபாவ்.

"கோடு ஏறல"

யாராவது வீட்டிலிருந்து அர்டுயினோ கொண்டுவருவார்கள், லேப்டாப்பில் எழுதிய கோடை (ப்ரோகிராமை) ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு. லேப்டாப்பில் அதன் யுஎஸ்பி போர்ட் காட்டவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். பாதி கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றுபவை. மலிவு போர்டுகளில் சிஎச்340 சிப் இருக்கும், அதற்கு லேப்டாப்பில் டிரைவர் மென்பொருள் போட வேண்டும். நான் இதை வகுப்பில் அதிகம் ஊக்குவிப்பதில்லை. லேப்டாப் வந்த நொடியில் லேப்டாப் யாருடையதோ அவன் சர்க்யூட் ஆகிவிடுகிறது.

"ஒருத்தன் செய்யுறான், இன்னொருத்தி பாத்துட்டே இருக்கா"

மீட்டரில் காட்டாத பிழை. 2009 கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் முதல் வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது. அப்படிச் சேர்ந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகளும் எங்களிடம் வருகிறார்கள். பெஞ்ச் ஒன்றுதான், போர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்பவன் மட்டும் எப்போதும் ஒருவனே.

வேலையைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தேன்: நீ சொருகு, நீ எழுது. எழுதுகிறவள் கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தாள். இப்போது வேறு ஏற்பாடு. பிழை வந்தால் கட்டியவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், தேடுவது பக்கத்தில் இருப்பவர் வேலை. பவர் வரிசை அறுந்ததைக் கண்டுபிடித்தவள் இப்படித்தான் முதன்முதலில் மீட்டரைக் கையில் எடுத்தாள். வீட்டிலிருந்து சொந்த கிட் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டோம். சில பெற்றோருக்கு வருத்தம். டப்பா ஒன்று, எல்லாரும் அதிலிருந்துதான் எடுக்கணும்.

"அண்ணா, இத 13ஆம் காம்பவுண்டுலேருந்து கொண்டாந்தேன்"

13ஆம் காம்பவுண்டு என்ற பழைய சாமான் பிரிக்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் இது வாரா வாரம். டிவிடி டிரைவ் மோட்டார், பொம்மை கியர், ஸ்பீக்கர் எல்லாம் தங்கம், வாங்கிக்கொள்ளுங்கள். உப்பிய மொபைல் பேட்டரியைத் தொடவிடாதீர்கள், குத்தினால் தீப்பிடிக்கும். சார்ஜர், சிஎஃப்எல், டிவி போர்டுகளை நானே முதலில் வாங்கிப் பார்க்கிறேன். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது 325 வோல்ட் வரை போகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். கொண்டுவந்தவனை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். "இது வேண்டாம், மோட்டார் கிடைச்சா கொண்டா" என்று ஒரு மோட்டாரைக் காட்டி அனுப்புங்கள்.

"இங்க எரிஞ்சது, வீட்டுல எரியல"

வகுப்பில் முடித்த சர்க்யூட்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் திங்கட்கிழமைக்குள் இந்தச் செய்தி வரும். பிரெட்போர்டில் கட்டியது ரயிலின் கூட்டத்தில் கழன்றிருக்கும். ஸ்விட்சை அணைக்காமல் பைக்குள் போட்டிருக்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் செல் டப்பாவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளில் நான்கு பேர் வீட்டில் அது காலியாகத்தான் இருந்தது. செல்லை டிவி ரிமோட்டுக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது சர்க்யூட்டோடு இரண்டு செல் கூடுதலாகக் கொடுத்து அனுப்புகிறோம், ரிமோட்டுக்கென்றே.